மூன்று முறை கூப்பிட்டும் வரவில்லை

எங்கள் குடியிருப்பில் ஒரு தமிழ்ச் சங்கம் இருக்கிறது. பொங்கலுக்கு ஒரு சிறப்பு மலர் போடுவார்கள். அதன் செயலாளர் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஏதோ கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருப்பவர். போன வாரம் லிஃப்டில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சார், நீங்க கோர்ட்ல முப்பது வருஷத்துக்கு மேல இருந்தவர். இப்ப எல்லாம் ஆன்லைன் ஆயிடுச்சு, வீட்ல உட்கார்ந்துக்கிட்டே கேஸ் நடத்தலாம். உங்க காலத்துல எவ்ளோ கஷ்டம்! அதைப் பத்தி பாசிட்டிவா ஒண்ணு எழுதிக் குடுங்களேன்."

என் காலமாம். நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அவர் சொல்கிற அந்த ஆன்லைன் கோர்ட்டில் யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது என்று பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தவனே நான்தான். இதை அவரிடம் சொல்வதற்குள் அவருடைய தளம் வந்துவிட்டது, இறங்கிப் போய்விட்டார். நான்கு நாள் பாசிட்டிவாக எழுதிப் பார்த்தேன். வரவில்லை. வந்ததை எழுதுகிறேன், போடுவதும் போடாததும் அவர் இஷ்டம்.

எங்கள் தமிழ்க் குடும்பம் மூன்று தலைமுறையாக இந்தக் கன்னட ஊரில் சர்க்கார் சம்பளம் வாங்கியது. நான் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன், நகல் பிரிவில் பத்து வருஷம் தூசி தின்றேன், பிறகு பெஞ்ச் கிளார்க் ஆனேன். நீதிபதியின் மேடைக்குக் கீழே உட்கார்ந்து வழக்குக் கட்டுகளை எடுத்துக் கொடுப்பவர், நடந்ததை ஆர்டர் ஷீட்டில் எழுதுபவர், வாய்தா தேதி சொல்பவர், அவர்தான் பெஞ்ச் கிளார்க். வரதராஜன் என்ற என் பெயர் முதல் வாரத்திலேயே வரதராஜு ஆகிவிட்டது. கடைசி ஏழு வருஷம் குடும்ப நல கோர்ட்.

கோர்ட் வேலையில் எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது சட்டம் அல்ல, கூப்பிடுவது. ஒரு வழக்கின் முறை வந்ததும் அட்டெண்டர் வாசலுக்குப் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கன்னடத்தில் 'கூகுவது' என்போம். மூன்று தடவை கூப்பிட்டும் ஆள் வரவில்லை என்றால்தான் ஆப்சென்ட். எங்கள் ஹாலில் முனியப்பா என்று ஒரு அட்டெண்டர் இருந்தார். முதல் தடவை வாசலில் நின்று கத்துவார். இரண்டாவது தடவை வராந்தாவின் கோடிக்குப் போவார். மூன்றாவது தடவை மாடிப்படியில் பாதி இறங்கி, கீழே டீக்கடையைப் பார்த்து ஒரு குரல் விடுவார். அப்படியும் வரவில்லை என்றால் பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் குனிந்து, "உங்க கேஸ் யார் மேலம்மா?" என்று தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் கேட்பார். தன் பெயரைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் ஜனங்கள் தினம் இரண்டு பேராவது அகப்படுவார்கள். அவர் திரும்பி வந்து தலையை ஆட்டிய பிறகுதான் நான் பேனாவை எடுப்பேன்.

அந்தக் காலம் தங்கமான காலம் என்று நான் சொல்லவில்லை. எதிர்த்தரப்பு காபி வாங்கிக் கொடுத்தால் காற்றுக்கே கேட்காத மாதிரி கூப்பிடுகிற அட்டெண்டர்களும் இருந்தார்கள். ஆனால் மெல்லக் கூப்பிட்டவனைக்கூட நாலு பேர் பார்த்திருப்பார்கள், சண்டைக்கு இழுக்கலாம்.

முனியப்பா ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை, வராந்தாவில் ஒரு டிஸ்ப்ளே போர்டு மாட்டினார்கள். சிவப்பு எண்கள் ஓடும். பாதி நாள் நேற்றைய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். கேட்டால், "டெண்டர் ஆகணும் சார்" என்பார்கள். அதோடு வீடியோவும் வந்தது. என் மேஜையில் இரண்டு திரைகள். ஒன்றில் வீடியோவில் காத்திருப்பவர்கள், இன்னொன்றில் ஆர்டர் ஷீட். முன்பு கையால் எழுதியதற்கு இப்போது ஒரு பட்டியல். அதில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்தால் போதும், முழு வாக்கியமும் தானாக வந்து விழும். 'மூன்று முறை கூப்பிடப்பட்டது. மனுதாரர் வரவில்லை. அவர் சார்பில் யாரும் ஆஜராகவில்லை.' ஆங்கிலத்தில், தப்பில்லாமல், முற்றுப்புள்ளியோடு.

இதில் மூன்று முறை கூப்பிடுவது யார்? அதை மட்டும் யாரும் சொல்லவில்லை. நாற்காலியைவிட்டு எழுந்தால் இரண்டு திரையும் அனாதை. முதல் மாதம் நானே வாசலுக்கு ஓடி ஒரு குரல் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டாவது மாதம் உட்கார்ந்த இடத்திலிருந்தே மைக்கில் சொன்னேன். பிறகு அதுவும் நின்றது. எங்கள் கட்டடத்தில் எல்லா ஹாலிலும் இதே கதைதான், ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ள மாட்டோம். கூப்பிடுவது போய்விட்டது, கூப்பிட்டோம் என்கிற வரி மட்டும் தங்கிவிட்டது.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். பெல்லாரியிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்து, வாய்தா மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிப் போன கிழவர்கள் இன்று வீட்டிலிருந்தே பேசுகிறார்கள். அடிக்கிற புருஷனோடு ஒரே வராந்தாவில் நிற்க வேண்டிய அவசியம் பெண்களுக்கு இல்லை. அதெல்லாம் நல்லதுதான். எரிச்சல் என்னவென்றால், வாங்கின மிஷினுக்கு விளக்கேற்றி, பூ வைத்து, போட்டோ எடுக்கிறார்கள். அதன் முன்னால் உட்காருகிறவனுக்கு இன்னொரு கை வேண்டுமே என்று யோசிக்க ஒருவருக்கும் நேரம் இல்லை.

எங்கள் நீதிபதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேடம் என்றே சொல்கிறேன். குரலை உயர்த்தியதே இல்லை. பத்தரை மணி என்றால் பத்து இருபத்தொன்பதுக்கு நாற்காலியில் இருப்பார். கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி வைத்துவிட்டு அதையே மேஜையில் தேடுவார், எடுத்துச் சொல்ல எங்களுக்குத் தைரியம் வராது. கட்சிக்காரர்கள் அழுதால் வழக்குக் கட்டை மூடி வைத்துவிட்டு, அழுது முடிக்கும்வரை காத்திருப்பார். ஒருவர் வரவில்லை என்று நான் சொன்னால், தலை நிமிராமல், "கூகிசித்ரா, வரதராஜு?" என்பார். கூப்பிடச் செய்தீர்களா என்று கேட்பது அது. ஆமாம் என்பதற்கு நான், "ஹௌது, மேடம்" என்பேன். பேனா மூடியால் மேஜையில் இரண்டு தட்டு. அடுத்த வழக்கு. எத்தனையோ வருஷம் கேட்டு, எத்தனையோ வருஷம் சொல்லி, அந்தக் கேள்வி பதில் இரண்டுக்கும் காது கேட்காமல் போயிருந்தது.

இனி செல்வியின் வழக்கு. தர்மபுரிப் பக்கத்துப் பெண், பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் காலர் தைப்பவள். புருஷன் வீடு விவேக் நகரில். பிரிந்தபோது ஒன்பது வயசுப் பெண் மித்ரா அவன் வீட்டிலேயே தங்கிவிட்டாள். பெண்ணைத் தன்னிடம் விட வேண்டும் என்று செல்வி மனுப் போட்டிருந்தாள். தீர்ப்பு வரும்வரை சனிக்கிழமைதோறும் காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை பெண் அம்மாவோடு இருக்கலாம் என்று மேடம் இடைக்கால உத்தரவு போட்டிருந்தார். விவேக் நகர் சர்ச் வாசலில் அவன் கொண்டுவந்து விடுவான், இவள் கூட்டிக்கொண்டு போவாள். வாரத்தில் அந்த ஏழு மணி நேரம்தான் அவளிடம் பெண் என்று ஒன்று இருந்தது.

முந்தின வாய்தாவுக்கு அவளுடைய வக்கீல் வரவில்லை. சட்ட உதவி வக்கீல், ஒரே நேரத்தில் நாலு ஹாலில் வேலை. 'கடைசி வாய்ப்பு' என்று ஷீட்டில் ஏறிவிட்டது. ஃபேக்டரியில் லீவ் கேட்டால் வேலை போகும் என்று அவள் சொல்ல, "லிங்க்லயே வந்துடும்மா, ஈஸி" என்று சொல்லியிருக்கிறார் வக்கீல்.

அதற்குச் சில வாரங்கள் முன்பு எங்கேயோ ஒரு கோர்ட்டின் வீடியோவில் எவனோ புகுந்து அசிங்கமான படத்தை ஓடவிட்டுவிட்டான். உடனே எங்களுக்கெல்லாம் சுற்றறிக்கை. வழக்கு எண்ணும் பெயரும் திரையில் தெரியாத யாரையும் உள்ளே விடக்கூடாது, விட்டால் கிளார்க் பொறுப்பு. இந்த விதி கட்சிக்காரர்களுக்கு எப்படித் தெரியும்? இணையதளத்தில் போட்டிருக்கிறார்களாம். ஆங்கிலத்தில், பதினோராம் பக்கத்தில்.

அன்றைக்குக் காத்திருப்போர் திரையில் முப்பது பேருக்குமேல். அவர்களுக்கு நடுவே ஒரு பெயர், 'பட்டர்ஃபிளை குயின்'. நான் சிரித்தேன். பக்கத்தில் நின்ற ஒரு வக்கீலைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவரும் சிரித்தார். இதுவும் அந்த மாதிரி விளையாட்டுக் கழுதைதான் என்று நினைத்து நிராகரித்தேன். மறுபடி வந்தது. மறுபடி நிராகரித்தேன். ஐந்து தடவை. அதற்குள் செல்வியின் வழக்கு எண் வந்தது.

"கூகிசித்ரா, வரதராஜு?"

"ஹௌது, மேடம்."

இரண்டு தட்டு. பட்டியலில் அந்த வரியைத் தேர்ந்தெடுத்தேன். மனு தள்ளுபடி. மனு போனால் இடைக்கால உத்தரவும் போனது. மத்தியானத்துக்குள் உத்தரவு கோர்ட்டின் மொபைல் ஆப்பில் ஏறிவிட்டது. இந்த வேகத்தில் மட்டும் குறையே சொல்ல முடியாது.

சனிக்கிழமை காலை பத்திலிருந்து இரண்டு மணிவரை சர்ச் வாசலில் நின்றிருக்கிறாள் செல்வி. இரண்டேகாலுக்கு அவள் போனுக்கு அந்த உத்தரவை அனுப்பியிருக்கிறான் புருஷன். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. திங்கட்கிழமை ஃபேக்டரியில் யாரோ படித்துச் சொல்ல, யூனிஃபார்மோடு நேராக என் மேஜைக்கு வந்தாள்.

"சார், நான் வந்தேனே சார். கேட்டாண்ட செக்யூரிட்டி ரூம்ல ஒக்காந்து ரெண்டு மணி நேரம் போனையே பார்த்துனு இருந்தேன். இதோ பாருங்க."

போனை நீட்டினாள். ஐந்து ஸ்கிரீன்ஷாட். ஐந்திலும் 'உங்கள் கோரிக்கை மறுக்கப்பட்டது' என்பது ஆங்கிலத்தில்.

"இதுக்கு சொல்ப நேரம் வெயிட் பண்ணுன்னு அர்த்தம்னு நெனச்சேன் சார். அதான் திருப்பித் திருப்பி அமுக்கினேன்."

மேலே அந்தப் பெயர் இருந்தது. இது என்ன பெயர் என்று கேட்டேன். சனிக்கிழமை பெண் வரும்போது அம்மாவின் போனைப் பிடுங்கி விளையாடுமாம், விளையாடுகிற சாக்கில் வீடியோவில் தெரிகிற பெயரை மாற்றி வைத்திருக்கிறது. செல்விக்கு அது அப்போதுதான் தெரிந்தது.

"இது அவளுக்குத் தெரிய வாணாம் சார்," என்றாள்.

அந்த நிமிஷமே நான் எழுந்து மேடத்தின் சேம்பருக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஓய்வுக்கு ஐந்து மாதம் இருந்தது. பொய்யாக எழுதினேன் என்று நானே போய்ச் சொன்னால் விசாரணை, பென்ஷன் நிற்கும், மகளின் கல்யாணம் வேறு. "மனுவைத் திரும்ப எடுத்துக்கச் சொல்லி அப்ளிகேஷன் போடும்மா, சரியாயிடும்" என்று, ஏதோ பெரிய உதவி செய்கிற தோரணையில் அனுப்பிவைத்தேன். இப்போது நினைத்தால் என்மேலேயே கோபம் வருகிறது.

அந்த அப்ளிகேஷனை ஆன்லைனில்தான் போட வேண்டும். போட்டார்கள். திரும்பி வந்தது, ஃபைல் பெரிசு. சின்னதாக்கிப் போட்டார்கள். திரும்பி வந்தது, எழுத்து தெளிவில்லை. தெளிவாக்கினால் பெரிசாகிறது, சின்னதாக்கினால் மங்குகிறது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய்ப் போன கதை. மூன்றாவது முறை பக்க எண் இடது பக்கம் இருக்கிறது, வலது பக்கம் வேண்டும். ஒவ்வொரு தடவையும் செல்வி அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு உதவி கவுண்டர் வரிசையில் நின்றாள். அலையாமல் இருக்கத்தானே ஆன்லைன்? ஒவ்வொரு தடவையும் என் ஹால் வாசலில் ஒரு நிமிஷம் நின்று, "இந்த சனிக்கெழமையும் போச்சு சார்" என்று சொல்லிவிட்டுப் போவாள். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

ஆறாவது சனிக்கிழமைக்குப் பிறகு அவள் வந்தபோது வேறு ஒன்று சொன்னாள். பள்ளிக்கூட வாசலில் போய் நின்றாளாம், பெண்ணைத் தூரத்திலிருந்து பார்க்கலாம் என்று. பெண் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு வேனில் ஏறிவிட்டதாம். அன்று மாலை சேம்பர் கதவைத் தட்டினேன்.

மேடம் செல்வியின் வழக்குக் கட்டைக் கொண்டுவரச் சொன்னார். அந்த வரியை என்னையே உரக்கப் படிக்கச் சொன்னார். படித்தேன்.

"கூகிசித்ரா, வரதராஜு?"

இந்தத் தடவை நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "இல்ல, மேடம்" என்றேன். கண்ணாடி நெற்றியில் இருந்தது, தேடவில்லை. வீடியோ அறையின் பதிவை எடுக்கச் சொன்னார். எந்த நிமிஷம் அவள் தட்டினாள், எந்த நிமிஷம் நான் மறுத்தேன், ஐந்தும் வரிசையாக இருந்தன. மிஷின் ஒன்றையும் மறைக்கவில்லை. பொய் சொன்னது நான்தான். அதையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

"நான் தினமும் கேட்டேன். நீங்கள் தினமும் சொன்னீர்கள். ஒரு நாளாவது வாசலைத் திரும்பிப் பார்த்திருக்கலாம், நானும்தான்," என்று கன்னடத்தில் மெல்லச் சொன்னார். பிறகு ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளி, நடந்ததை என் கையால் எழுதச் சொன்னார். எழுதி முடிக்க அரை மணி ஆனது. எனக்கு மெமோ வந்தது, விசாரணை நடந்தது, கண்டனத்தோடு விட்டார்கள். நான் பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை. அந்தப் பயத்துக்கு ஆறு சனிக்கிழமைகளைக் கொடுத்தவள் செல்வி.

கோர்ட்டின் தவறு என்று சொல்லி மேடம் தாமாகவே மனுவை மறுபடி எடுத்துக்கொள்ள முன்வந்தார். ஆனால் அவனுக்கு நோட்டீஸ் போக வேண்டுமே. வாட்ஸ்அப்பில் அனுப்பினோம், பார்த்த அடையாளமே வராதபடி வைத்திருந்தான். மெயிலில் அனுப்பினோம், கிடைக்கவில்லை என்றான். கடைசியில் கோர்ட் அமீனா ஒருவர் பஸ் பிடித்து விவேக் நகர் போய்க் கையில் கொடுத்துவிட்டு வந்தார். அதற்குள் இன்னும் ஐந்து. மொத்தம் பதினொரு சனிக்கிழமைகள் போன பிறகே மனுவும் இடைக்கால உத்தரவும் உயிர்பெற்றன.

நான் ஓய்வு பெற்ற மறு மாதம் செல்வி போன் செய்தாள். பெண் சனிக்கிழமை வருகிறது, ஆனால் பேசுவதில்லை என்றாள்.

"அந்த ஆர்டரை அவங்கப்பா காட்டியிருக்காரு சார். கான்வென்ட்ல படிக்கிறாளே, அவளே படிச்சுட்டா. 'உன்னை மூணு தபா கூப்ட்டாங்களாமே, நீ ஏம்மா வரல?'ன்னு ஒரே ஒரு தடவை கேட்டா. நான் வந்தேன்னு சொன்னா நம்பல. கோர்ட்ல பொய் எழுத மாட்டாங்களாம். நீங்க வந்து சொல்றீங்களா சார்?"

போனேன். சர்ச்சுக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரி. மித்ராவின் முன்னால் தேங்காய் வைத்துச் சுட்ட ஒரு தில்பசந்த் துண்டு தொடாமல் இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. நான் கோர்ட்டில் இருந்தவன் என்று செல்வி சொன்னதும் நிமிர்ந்தாள்.

"நீங்க எங்கம்மாவை மூணு தடவை கூப்பிட்டீங்களா அங்கிள்?"

"இல்லம்மா. ஒரு தடவைகூட கூப்பிடல. உங்கம்மா வந்தாங்க. அஞ்சு தடவை கதவைத் தட்டினாங்க. நான்தான் உள்ள விடல."

"ஏன் விடல?"

செல்வி என்னையே பார்த்தாள். எனக்கிருந்த ஒரே சமாதானம் மித்ரா போனில் வைத்த அந்தப் பெயர். அதைச் சொல்ல முடியாது. "சரியா பார்க்கல, என் தப்பு" என்றேன்.

"அப்போ ஏன் கூப்பிட்டோம்னு எழுதினீங்க?"

எவ்வளவோ வக்கீல்கள் குறுக்கு விசாரணை செய்வதைப் பார்த்தவன் நான். இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"எப்பவும் அப்படித்தாம்மா எழுதுவோம்."

மித்ரா பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் எடுத்து என் பக்கம் தள்ளினாள். "அம்மா வந்தாங்கன்னு எழுதிக் குடுங்க." எழுதினேன். செல்வி அன்று வந்திருந்தார், நான் அவரைக் கூப்பிடவில்லை, வந்தவரை உள்ளே விடவில்லை. ஆங்கிலத்தில், தேதி போட்டு, கையெழுத்துப் போட்டேன். அவள் இரண்டு தடவை படித்தாள். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள்.

"இதுல சீல் இல்லையே. அப்பா நம்ப மாட்டாரு," என்றாள்.

என்னிடம் சீல் இல்லை, இனிமேல் கிடைக்காது என்று சொன்னேன். அவள் தாளை நான்காக மடித்து அம்மாவின் கையில் வைத்தாள். "நான் நம்பறேன்," என்றாள். முப்பத்து மூன்று வருஷமாக நான் எழுதியதை யாரும் சந்தேகப்பட்டதில்லை. அது எனக்கு வெட்கமாக இருந்தது அன்றைக்குத்தான்.